21 ரப்பர் கொட்டை இருந்தால் போதும், வாய்பாடு தானாக வரும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களே, கணக்குப் பாடத்துக்கென்று காசு கொடுத்து எதையும் வாங்கிவிடாதீர்கள், கொட்டை எடுக்கும் ஒரு ஆட்டமே போதும். ரப்பர் மரம் மிச்சமிருக்கும் இடமென்றால் கொட்டை தரையிலேயே கிடக்கும், எல்லாம் செம்பனையாகிவிட்டதென்றால் புளியங்கொட்டையோ சோங்காக் (மலாய்க்காரர்களின் பல்லாங்குழி) காய்களோ எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் கொட்டையில் நச்சு உண்டு, வாயில் வைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆடி முடித்ததும் கை கழுவ வையுங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கு 21 கொட்டை. முறை வரும்போது ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்க வேண்டும், எடுக்காமல் விடக்கூடாது. கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விதி.

முதலில் சும்மா ஆட விடுங்கள். உங்களுக்கு ரகசியம் தெரியும், சொல்லத் துடிப்பீர்கள், தயவுசெய்து சொல்லாதீர்கள், ஏனென்றால் அதைக் கண்டுபிடிப்பதுதான் பாடமே. தோற்ற பிள்ளையிடம் "ஏன் தோற்றாய்" என்று கேட்காமல், "எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது, அத்தனை கொட்டையைத் திரும்ப வை பார்ப்போம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் நான்கு கொட்டையை வைப்பார்கள்.

சரி, இனி அந்த நான்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்தால் மூன்று மிஞ்சும், எதிராளி மூன்றையும் அள்ளிவிடுவார். இரண்டு எடுத்தாலும் மூன்று எடுத்தாலும் அதே கதி. அப்படியென்றால் எதிராளிக்கு நான்கை விட்டுவைக்க வேண்டும், அதற்கு முன்னால் எத்தனையை? இந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். எட்டு என்று ஒரு பிள்ளை சொல்லும், பன்னிரண்டு என்று இன்னொன்று சொல்லும், நீங்கள் 4, 8, 12, 16, 20 என்று பலகையில் எழுதி முடிப்பதற்குள் "டீச்சர், இது நாலாம் வாய்பாடு!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். மனப்பாடம் செய்யத் திணறிய பிள்ளையே அதைச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

21-இல் தொடங்குபவர் ஒன்றை எடுத்தால் 20 நிற்கும். அப்புறம் எதிராளி ஒன்று எடுத்தால் நாம் மூன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று, ஒவ்வொரு சுற்றும் நான்காக முடியும்.

கண்டுபிடித்தவர்களுக்கு விதியை மாற்றிக் கொடுங்கள். நான்கு வரை எடுக்கலாம் என்றால் எந்த வாய்பாடு? முதலில் ஊகிக்கட்டும், பிறகு ஆடிப் பார்க்கட்டும். அதையும் முடித்துவிட்டுச் சும்மா இருப்பவர்களுக்குப் பழையபடி மூன்று வரை, ஆனால் கடைசிக் கொட்டையை எடுப்பவர் தோற்றார் என்று வையுங்கள். இதில் 21-இல் தொடங்குபவருக்கு, எதிராளி தப்பு செய்யாத வரை, வழியே இல்லை. ஏன் என்பதை மட்டும் அவர்களையே எழுதி வரச் சொல்லுங்கள்.