நாயோடு தனியாகக் கோத்தகிரி: ஜூலை, ஆகஸ்ட்டில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருவோருக்கு

வெளிநாட்டுப் பள்ளிகள் விடுமுறை விடும் ஜூலையும் ஆகஸ்ட்டும்தான் நீலகிரியில் கூட்டமில்லாத காலம். கோடை சீசன் ஜூனோடு முடிந்துவிடும், இரண்டாம் சீசன் செப்டம்பரில்தான் தொடங்கும். சொந்தக்காரர் வீடுகளெல்லாம் சுற்றிக் களைத்தவர், நாயைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் மலையில் தனியாகக் கிடக்கத் தோதான நேரம்.

நாய் என்றால் அம்மா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ வளரும் நாய். வெளிநாட்டில் வளர்ப்பதைப் பயணப் பொருளாகக் கொண்டுவரும் சலுகை, இந்தியாவுக்கே குடிபெயர்ந்து வருவோருக்கானது. ஒரு மாத விடுமுறைக்கு அந்த ஆசை வேண்டாம்.

ஊட்டியை விட்டுவிட்டுக் கோத்தகிரியை ஏன் சொல்கிறேன்? தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தில்தான் கொட்டும். 2019 ஆகஸ்ட்டில் அந்தப் பக்கம் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு அந்த மாதங்களில் வருவது பெரும்பாலும் சாரலும் பனிமூட்டமும்தான். டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்கள் கணக்கை மாற்றிப் போட வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் அங்கே ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அறையை ஆப்பில் படம் பார்த்துப் பதிவு செய்வதோடு நிறுத்தாதீர்கள். போனில் பேசுங்கள். "நாய் வரலாமா?" என்றால் சீசன் இல்லாத நேரத்தில் யாரும் "வரலாம்" என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது வேறு. ராத்திரி வளாகத்தில் யார் இருப்பார்? ஒரே ஒரு விருந்தாளிக்காகச் சமையல்காரர் தங்குவாரா, ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவாரா? கரண்ட் போனால் ஒரு அறைக்காக ஜெனரேட்டர் போடுவார்களா? அப்புறம், வாட்ச்மேனிடம் நாய் இருக்கிறதா? இதைப் பலரும் கேட்பதில்லை. அது அவிழ்ந்து திரியும் நாயாக இருந்தால், போய் இறங்கிய நிமிடமே சண்டைதான்.

இன்னொன்றும் கேளுங்கள்: "அண்ணா, நாய் ராத்திரி எங்கே படுக்கும்?" "வராண்டாவுல கட்டிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிச் சிறுத்தை நடமாட்டம் உண்டு. அதற்கு நாய் சுலபமான இரை, கட்டிப்போட்ட நாய் இன்னும் சுலபம். அறைக்குள் படுக்க அனுமதிக்கும் இடம்தான் நாய்க்கான இடம். இருட்டும் முன்பே வெளிவேலையை முடித்துவிட வேண்டும். நடுராத்திரியில் அது கதவைப் பிராண்டினால், முதலில் டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள், பிறகு குட்டையான கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் மட்டும் போங்கள். கரடியும் காட்டெருமையும் இங்கே சகஜம். நாய் குரைத்தால் காட்டெருமை மிரண்டு ஓடுவதும் உண்டு, திரும்பிப் பாய்ந்து வருவதும் உண்டு. வந்தால் கயிற்றின் மறுமுனையில் நிற்பது நீங்கள்.

பகலில் நடக்க எஸ்டேட் சாலைகள் அருமை. செடிகளுக்குள் மட்டும் விடாதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும் கிடக்கலாம். கேத்தரின் அருவிப் பக்கம் போனாலும் கயிறு கையிலேயே இருக்கட்டும். காப்புக் காடுகளுக்கு நாயோடு போக வேண்டாம்.

பயணம் எளிதுதான். நீலகிரிக்குள் வெளி வாகனம் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். வெளிநாட்டு போன் எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் வழியாகப் பதிவு செய்யலாம். வாடகை கார் என்றால் டிரைவர் எடுத்துவிட்டாரா என்று மேட்டுப்பாளையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் போய் விழிக்க வேண்டாம். நாய் வருவதையும் அவரிடம் முன்பே சொல்லி, சீட்டில் விரிக்கப் பழைய போர்வை எடுத்துப் போங்கள். மலையேறும் முன் நாய்க்குச் சோறு போடாதீர்கள். சென்னையிலிருந்து ரயில் என்றால், முதல் வகுப்பு ஏசியில் கூபே (இரண்டு படுக்கை உள்ள தனி அறை) முழுவதையும் எடுத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும்.

பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் மாவட்டத்துக்குள் தடை. நாய்க் கழிவை அள்ளப் பழைய செய்தித்தாள் போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவரது விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். சின்ன ஹோம்ஸ்டேக்களில் சிலருக்கு இது தெரியாது, சிலர் இதற்குப் பயந்தே அறை இல்லை என்பார்கள். கடவுச்சீட்டு, விசா அல்லது ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்) அட்டை, நாயின் தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையைத் தாராளமாகப் பேசிக் குறைக்கலாம், இது அவர்களுக்கும் காலி அறைதான். ஆனால் சமையலுக்கும் காவலுக்கும் நிற்பவர் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். உங்கள் ஒருவருக்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

ஊட்டி சாக்லேட் வாங்கினால் நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், அதற்கு அது விஷம். இரவில் ஏதாவது ஆனால் கால்நடை மருத்துவருக்காகக் கோவை வரைக்கும் இறங்க வேண்டிவரலாம், சுமார் 70 கிலோமீட்டர். ஆகவே கிளம்பும் முன்பே உண்ணி மருந்து போட்டு விடுங்கள். ஈர நாளில் அட்டை கடித்தால் ரத்தம் கொஞ்சம் நிற்காமல் வடியும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது உண்ணிக்கு. தினமும் சாயங்காலம் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம், அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். நாய் சோர்ந்து படுத்தாலோ சாப்பிடாமல் இருந்தாலோ, மலைக்குப் போய் வந்ததை டாக்டரிடம் சொல்லும்படி வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.