கொட்டகையில் கிடக்கும் பழைய ஸ்னோமொபைல்களைச் சின்ன அருங்காட்சியகம் ஆக்குவது எப்படி?

ஸ்னோமொபைல் என்பது பனிமேல் ஓடும் வண்டி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நண்பர் ஒருவரின் சேகரிப்பை ஊரார் வந்து பார்க்கும்படி மாற்றியபோது செய்தவை இவை. கிளட்ச் எது, டிராக் எது என்று விளக்கப்போவதில்லை.

1. பாதி வண்டிகளை வெளியே தள்ளுங்கள். 1970 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இந்த வண்டிகளைச் செய்தன. எல்லாவற்றையும் நிறுத்தினால் அது கிடங்கு. ஒரே ஒரு கதையைப் பிடியுங்கள். மினசோட்டாவின் ரோசோ ஊரில் பொலாரிஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன், 1960இல் அங்கிருந்து விலகி அதே மாநிலத்தின் தீஃப் ரிவர் ஃபால்ஸ் ஊரில் ஆரம்பித்ததுதான் பின்னாளில் ஆர்க்டிக் கேட் கம்பெனி. அந்த ஒரு பிரிவைச் சொல்லவே ஓர் அறை நிறைய வண்டி போதும்.

2. பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். 2024.3.1 என்றால் அந்த ஆண்டு, மூன்றாவது வரவு, முதல் பொருள். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், பழைய பெயின்ட் உரிந்து வரும். பருத்தி நாடாவில் அட்டை கட்டுங்கள். மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். சாதாரண விரிதாள் போதும்.

3. பெட்ரோல். வேலை நின்றுபோவது இங்கேதான். சர்வதேச தீ விதித்தொகுப்பைப் பின்பற்றும் ஊர்களில், உள்ளே காட்சிக்கு வைக்கும் வண்டியில் கால் டேங்க் அல்லது 5 கேலன், இதில் எது குறைவோ அதற்கு மேல் எரிபொருள் இருக்கக்கூடாது. பேட்டரி இருந்தால் இணைப்பைக் கழற்ற வேண்டும். கட்டடத்துக்குள் வைத்து நிரப்பவும் கூடாது, வடிக்கவும் கூடாது.

அந்தக் கால் டேங்க் சலுகையை மறந்துவிடுங்கள். பழைய டேங்க் மூடிகளில் காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து ஹீட்டர்வரை போகும். வெளியே தள்ளிவந்து கைப்பம்பால் முழுக்க வடியுங்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். டேங்க் காலியானதும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்: குழாயிலும் கார்புரேட்டரிலும் மிச்சம் இருக்கும். அறுபதுகளின் வண்டிகள் பலவற்றில் இருக்கும் டில்லட்சன் கம்பெனியின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கார்புரேட்டருக்கு பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணமே கிடையாது, திறந்துவிட்டு வடிக்க முடியாது. கழற்றித்தான் காலி செய்ய வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக் துளை வழியே ஃபாகிங் ஆயில் (எஞ்சின் உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய்) அடித்து, சுவிட்சை அணைத்துவைத்து, எஞ்சினைக் கிளப்பும் இழுகயிற்றை மெதுவாக இழுங்கள்.

நீங்கள் எதுவும் தொடங்குவதற்கு முன்பே உள்ளூர் தீயணைப்பு அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

4. நிறுத்துவது. பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், வண்டியை நகர்த்தும் பட்டையான ரப்பர் டிராக்கில் பாரம் ஏறக்கூடாது. ஜன்னல் வெயில் சீட் வினைலைக் கெடுக்கும்.

5. காகிதம். 501-சி-3 தகுதி (அமெரிக்க வரிச்சட்டப்படி வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு என்ற தகுதி) வாங்கிய அமைப்புக்கு வண்டியைத் தானமாக எழுதிக்கொடுத்தால், பிறகு மனம் மாறினாலும் திரும்ப வராது. ஆரம்பத்தில் இரவல் ஒப்பந்தமே என் சிபாரிசு. காப்பீடு யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை: விழா நாளில் ஓட்டிக்காட்டலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஒரே ஒரு வண்டியை அதற்கென்று ஒதுக்கி, புது டயஃப்ரம் போட்டு, வேறு கொட்டகையில் வையுங்கள். மற்றவற்றின் இழுகயிற்றுப் பிடியைக் கட்டிவிடுங்கள். பிள்ளைகளின் கை முதலில் போவது அதற்குத்தான்.