அடுக்ககத்துக்கு நாய்க்குட்டி: முதலில் மூக்கைப் பாருங்கள்

சென்னையில் மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு எங்களுடையது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, சின்ன நாய்தானே, வீட்டுக்குள் அடங்கிவிடும் என்று ஒரு பக் குட்டியை வாங்கி வந்தோம். அவனுடைய முதல் கோடையில், கத்திரி வெயில் நாளொன்றில் மின்சாரம் நின்றது. அரை மணி நேரத்தில் இளைப்பு அடங்காமல் நாக்கு கருநீலமாகிவிட்டது. குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடினோம். பிழைத்துக்கொண்டான். அதன் பிறகு மூன்று நண்பர்களுக்குக் குட்டி தேட உடன் போயிருக்கிறேன். நான் பின்பற்றும் வரிசை இதுதான்.

படி 1: வீடு பூட்டியிருக்கும் நேரம்

இரண்டு மாதக் குட்டியை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க அழைத்துப் போக வேண்டும். காலை முதல் மாலை வரை ஆளில்லாத வீட்டுக்குக் குட்டி வேண்டாம். காப்பகத்திலிருந்து ஒரு வயதைத் தாண்டிய நாயைத் தத்தெடுங்கள். நாட்டு நாய் அடுக்ககத்துக்கு ஆகாது என்பதை நான் ஏற்பதில்லை. காலையும் மாலையும் நன்றாக நடந்துவிட்டால் மற்ற நேரம் தூங்கும்.

படி 2: மூக்கு

நான் தவறியது இங்கேதான். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், ஷிட்சூ, பிரெஞ்சு புல்டாக் இனங்களில், சப்பை முகத்துக்காகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தே முகத்து எலும்பைக் குறுக்கிவிட்டோம். உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. நீண்ட அண்ணம் மூச்சு வழியை அடைக்கிறது. தூக்கத்தில் அழகாகக் குறட்டை விடும் என்று எங்களிடம் சொன்னார்கள். அது மூச்சுக்குப் படும் பாடு.

குட்டியின் முகத்தை நேராகப் பிடித்து மூக்குத் துளைகளைப் பாருங்கள். திறந்திருக்க வேண்டும். கீறிய கோடுபோல ஒடுங்கியிருந்தால் வாங்காதீர்கள். ஏசி அறையில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மின்விசிறி மட்டும் உள்ள இடத்தில் சற்று நேரம் விளையாட விட்டு, மூச்சில் கரகரப்பு கேட்கிறதா என்று காது கொடுங்கள். தாய் நாயையும் நடக்கவிட்டுக் கேளுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் அப்போதே கிளம்பிவிடுங்கள்.

படி 3: குரல்

பீகிள் வேட்டை நாய்; தனிமையில் அது எழுப்பும் ஊளை மூன்று மாடிக்குக் கேட்கும். லாசா ஆப்சோ திபெத்திய மடாலயங்களுக்குள் காவல் காத்த இனம். லிப்ட் கதவு திறந்தாலே குரைக்கும். பக்கும் ஷிட்சூவும் அமைதியானவை, ஆனால் மூக்கு இடிக்கிறது.

ஏசி ஓடாத வீட்டுக்கு என் தேர்வு, மூக்கு நீண்ட இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊரில் பொமரேனியன் என்று விற்பது பெரும்பாலும் இதுதான். அசல் பொமரேனியன் மூன்றரை கிலோவைத் தாண்டாது. ஸ்பிட்ஸ் குரைக்கும், உண்மைதான். அழைப்பு மணி ஒலியைக் கைப்பேசியில் பதிவுசெய்து, மெல்லிய ஒலியில் போட்டு, குரைக்காத ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். நண்பர் வீட்டில் ஆறு வாரத்தில் பலன் தெரிந்தது.

கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டாதீர்கள். சின்ன நாய்களின் மூச்சுக்குழல் மென்மையானது, மார்புப்பட்டைதான் நல்லது. முடிக்கு ஓர் எஃகுச் சீப்பு போதும்.

படி 4: வாங்கும் நாள்

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். தடுப்பூசி அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.

பின்சேர்க்கை

தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் 'டீகப்' நாய் என்று சொல்லி விற்ற குட்டி ஆறு கிலோ ஆகிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்படி ஓர் இனமே கிடையாது. வளர்ந்தது அந்தக் குட்டியின் நல்ல காலம். அளவுக்காகவே சிறுக்கவைத்த குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

லிப்ட் இல்லாத கட்டடத்துக்கு டாக்ஸ்ஹண்ட் சரிவருமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். படி ஏறி இறங்கி, அந்த நீண்ட முதுகில் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு விலகினால் பின்னங்கால்கள் செயலிழக்கக்கூடும்.

சங்கம் தடுக்கிறது என்பவர்களுக்கு: செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதை அச்செடுத்து, உரிம நகலோடு சேர்த்துச் செயலாளரிடம் கொடுங்கள். நடக்கும்போது கழிவை அள்ளும் பையும் கையில் இருக்கட்டும்.