கட்டற்ற மென்பொருள் திட்டத்தை யார் பெயரில் பதிவது?

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று உரிமம் தருவதுதான் கட்டற்ற மென்பொருள். நாலு பேர் ஓய்வு நேரத்தில் எழுதும் அப்படிப்பட்ட மென்பொருளுக்குப் பதிவு, கணக்கு எல்லாம் எதற்கு என்று தோன்றும். நிரல் எழுத அவை தேவையில்லைதான். ஆனால் ஒருவர் நன்கொடை தர வந்தால் பணம் எந்தக் கணக்குக்குப் போகும்? பதிவில்லாத குழுவுக்காக யார் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும், பொறுப்பு அவர் தலையில்தான் வந்து விழும். அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் படி: எது யார் பெயரில் இருக்கிறது?

டொமைன் (இணைய முகவரி), சர்வர், பணம், திட்டத்தின் பெயர், சின்னம் ஒவ்வொன்றும் இன்று யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஓப்பன் ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் பெயருரிமை சன் நிறுவனத்திடம் இருந்தது. 2010இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியதும் அது கைமாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் தன்னார்வலர்கள் தனியே பிரிந்தபோது நிரலை எடுத்துப்போக உரிமம் இடம் கொடுத்தது, பெயரை எடுத்துப்போக வழியில்லை. லிப்ரே ஆபிஸ் என்ற புதுப் பெயர் அப்படி வந்ததுதான்.

இரண்டாம் படி: குடை அமைப்பைத் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏற்கெனவே பதிவான லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று உங்கள் திட்டத்துக்காகப் பணம் வாங்கும், கணக்கு வைக்கும், சின்னத்தைத் தன் பெயரில் காக்கும். டெபியன் என்ற இயங்குதளத் திட்டத்துக்குச் சொந்தச் சட்ட உருவம் கிடையாது; அதன் பணத்தில் ஒரு பகுதியும் வணிகச் சின்னமும் அமெரிக்காவின் ‘சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ அமைப்பிடம் இருக்கின்றன. வரும் நன்கொடையில் அந்த அமைப்பு 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், படம் வரையும் இங்க்ஸ்கேப் ஆகிய திட்டங்கள் இருக்கும் ‘சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி’ 10 சதவீதம் எடுக்கிறது. ஆனால் அங்கே சட்ட உதவி அதிகம். கணக்கெழுதும் தலைவலி போவதற்கு இது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள்

திட்டத்தின் சார்பில் முடிவெடுப்பவர் யார்? வெளியேறினால் பணமும் பெயரும் கூடவே வருமா? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்காம் படி: சொந்த அமைப்பு

நிலையான வருமானமும், அலுவலக வேலையை விரும்பிச் செய்யும் ஆட்களும் இருந்தால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். லினக்ஸ் கணினிகளுக்குத் திரை இடைமுகம் செய்யும் கேடிஈ திட்டம் 1997இலேயே ஜெர்மனியில் சங்கமாகப் பதிந்தது. அங்கே சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். லிப்ரே ஆபிஸ்காரர்கள் அதைவிட உறுதியான அறக்கட்டளையைத் தேர்ந்தார்கள். அதற்கு வேண்டிய 50,000 யூரோ மூலதனத்தை 2011 பிப்ரவரியில் எட்டே நாளில் மக்களிடம் திரட்டினார்கள். ஆனாலும் அறக்கட்டளை முறைப்படி அமைய 2012 பிப்ரவரி ஆகிவிட்டது. அதுவரை ஒரு ஜெர்மன் சங்கம்தான் குடை பிடித்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்துக்கும் ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை, கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கற்ற கம்பெனி என்று வேறு வழிகளும் உண்டு. சரி, எதைத் தேர்ந்தாலும், வெளிநாட்டு நன்கொடை வாங்கும் எண்ணம் இருந்தால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அது கைக்கு வரும்வரை இணையத்தில் நன்கொடைப் பொத்தானை வைக்காதீர்கள்.