கையை மடக்காதே தம்பி: ஸ்ட்ராங்மேன் போட்டிக்குக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கிருஷ்ணகிரிக்கு வெளியே நாங்கள் பயிற்சி செய்கிற காலி மனையில் இரண்டு தம்பிகள் லோடர் டயர் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். குவாரியில் தேய்ந்துபோய்க் கழித்துப் போட்ட டயர். எடைமேடையில் நிறுத்தியபோது 280 கிலோ காட்டியது. டயர் புரட்டுவது, பாரத்தோடு நடப்பது, கல் ஏற்றுவது என்று பல நிகழ்வுகளில் பலத்தைப் பார்ப்பதுதான் ஸ்ட்ராங்மேன் போட்டி. இருவரில் ஒருவன் முதல்முறையாகத் தேசிய அமெச்சூர் ஸ்ட்ராங்மேன் போட்டிக்குப் போகிறான். மூன்றாவது புரட்டலில் அவனுடைய வலது முழங்கை மடங்கியதைப் பார்த்துவிட்டு நான் மறுகோடியிலிருந்து கத்தினேன். அவன் திரும்பி, “ஏண்ணா, டயர்தான் புரண்டுடுச்சே?” என்றான்.

புரண்டதுதான் பிரச்சினை. நானும் அப்படித்தான் புரட்டிக்கொண்டிருந்தேன், ஒரு நாள் வரை.

வார்ம்-அப் செய், நன்றாகத் தூங்கு, பெல்ட்டை இறுக்கு என்பதையெல்லாம் எந்த ஜிம் மாஸ்டரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் செய்து பட்டதையும், இன்று இந்தப் பையன்கள் அப்படியே செய்வதையும் மட்டும் எழுதுகிறேன்.

டெட்லிஃப்ட் எடையை நம்பிக் கிளம்புவது

ஜிம்மில் 220 கிலோ டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பார்பெல்லைத் தூக்கி நிமிர்ந்து நிற்பது) எடுக்கிற ஒரு தம்பி இருக்கிறான். கைக்கு 100 கிலோ வீதம் ஃபார்மர்ஸ் வாக் (இரண்டு கையிலும் எடையைத் தொங்கவிட்டு நடப்பது) கொடுத்தபோது ஐந்தாவது மீட்டரில் கீழே வைத்துவிட்டான். அவன் பலத்தில் குறையில்லை. எடையைத் தூக்கி நிற்பது வேறு, அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது வேறு. ஒவ்வொரு அடியிலும் உடம்பு முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கிறது, கையில் இருப்பது முன்னும் பின்னும் ஆடுகிறது, விரல் மெல்ல மெல்லத் திறக்கிறது. பார்பெல் இது எதையும் கற்றுத் தராது.

ஃபார்மர்ஸ் கம்பி வாங்கப் பணமில்லை என்றால் பழைய 40 லிட்டர் பால் கேன் இரண்டு போதும். மணல் நிரப்பினால் ஒரு கேன் 60 கிலோவைத் தாண்டும். கைப்பிடி மெல்லியதாக இருந்து விரலை அறுக்கும், அதில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளலாம். அடி சின்னதாக, வேகமாக இருக்க வேண்டும். நீள அடி வைத்தால் கேன் முழங்காலில் இடிக்கும். வாரத்தில் ஒரு நாளாவது இதைச் செய்யாமல் 20 மீட்டர் ஓட்டத்துக்குப் போய் நிற்காதீர்கள்.

கையை மடக்கி டயரைப் புரட்டுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் இதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். 44, 48 என்ற இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளும் கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகின்றன. பஞ்சர் கடைகளின் ஓரத்தில் லாரி டயர் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். அதனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் லாரி டயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு லாரி டயர் 50 கிலோ பக்கம்தான் இருக்கும். அதைக் குனிந்து பிடித்து, கையை மடக்கி, நெஞ்சுக்கு இழுத்துத் தூக்கி எறிந்துவிடலாம். நூறு தடவை அப்படிச் செய்து பழகிய உடம்பு 280 கிலோ டயரிடம் போகும்போதும் அதையேதான் செய்யும்.

டயரின் அடியில் கை கொடுக்கும்போது உள்ளங்கை மேல் நோக்கித்தான் இருக்கும், வேறு வழியில்லை. அந்த நிலையில் புஜத்தின் முன்தசையான பைசெப்ஸ் முழுவதும் இறுகி நிற்கிறது. அதன் கீழ்முனைத் தசைநாண் முழங்கையைத் தாண்டி, முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பில் போய் ஒட்டியிருக்கிறது. கை நீண்டிருந்தால் அது கிணற்று வாளியின் கயிறு மாதிரி பாரத்தை வெறுமனே தாங்கும். கையை மடக்கிவிட்டால் அது தூக்கப் பார்க்கும். அதே நேரம் தொடையும் இடுப்பும் அதைவிடப் பல மடங்கு வலுவோடு கீழிருந்து உந்துகின்றன. டயர் கொஞ்சம் அசைய மறுத்தால் மடங்கிய முழங்கை வலுக்கட்டாயமாக நீளும். இறுகிய தசை நீட்டி இழுக்கப்படும் அந்த நொடியில்தான் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்து வருகிறது.

எனக்கு அப்படித்தான் பிய்ந்தது. போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தது. ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டது. வலி ஒரு சூடு மாதிரி வந்து, பத்து நிமிடத்தில் பெருமளவு அடங்கிவிட்டது. கையை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. சரி, சுளுக்குதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

டயரை மடக்கிய கையால் புரட்டியது முதல் தவறு என்றால் இந்த முடிவு அதைவிடப் பெரிய தவறு. முழங்கையை மடக்க பைசெப்ஸுக்கு அடியில் பிரேக்கியாலிஸ் என்ற இன்னொரு தசை இருக்கிறது. பைசெப்ஸ் முழுதாகப் பிய்ந்தாலும் கை மடங்கும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஊரில் எண்ணெய் போட்டு நீவி விடுகிற ஒருவரிடம் போனேன். ஒகேனக்கல் பக்கத்து எண்ணெய் நீவலைப் பற்றி எங்கள் மாவட்டங்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, உடம்பு வலிக்கு நானே எத்தனையோ முறை படுத்திருக்கிறேன். களைத்த தசைக்கு அது சுகம்தான். பிய்ந்த தசைநாணை எந்த எண்ணெயாலும் எலும்பில் ஒட்ட வைக்க முடியாது. ஐந்து வாரம் நீவிக்கொண்டே இருந்தேன். போட்டித் தேதி வந்து போனது. முழங்கை மடிப்பில் இருந்த நீலம் மறைந்தது. புஜத்தசை மட்டும் தோள் பக்கம் உருண்டையாக ஏறி நின்றது, இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் சேலத்தில் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்திருந்தால் நாணை இழுத்துப் பழைய இடத்திலேயே பொருத்தியிருக்கலாம், இப்போது அது சுருங்கி மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது, வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து இணைக்க வேண்டியிருக்கலாம் என்றார். அப்படித்தான் செய்ய வேண்டி வந்தது. செலவுக்கு அம்மாவின் வளையல்களை அடகு வைத்தேன். மறுபடி பாரம் தூக்க ஒரு வருடம் ஆனது. இன்றைக்கும் வலது கையால் ஸ்குரூ முடுக்கினால் பத்தாவது சுற்றில் கை சோர்ந்துவிடுகிறது. உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்பும் வேலையில் பைசெப்ஸுக்குத்தான் பெரிய பங்கு. அதை இழந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே சத்தம் கேட்டாலோ, முழங்கை மடிப்பில் நீலம் கட்டினாலோ, தசை மேலே ஏறினாலோ அன்றே இப்படிச் சோதித்துப் பாருங்கள். முழங்கையைச் செங்கோணமாக வைத்து, உள்ளங்கையை உங்கள் முகத்தைப் பார்க்கத் திருப்புங்கள். மற்ற கையின் ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வெளிப்பக்கமாக இருந்து கொக்கி போல மாட்டுங்கள். நல்ல கையில் கயிறு போன்ற ஒரு நாண் விரலில் சிக்கும். அடிபட்ட கையில் சிக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து எலும்பு மருத்துவரிடம் போங்கள். சிக்கினாலும் அது பாதி கிழிந்திருக்கலாம், காட்டிவிடுவதே நல்லது. நீவ வேண்டாம், ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

இனி, சரியாகப் புரட்டுவது எப்படி? பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் கடப்பாரை போடுகிறவர்களைப் பாருங்கள். பெரிய கல்லைப் புரட்டும்போது அவர்கள் கையால் தூக்குவதே இல்லை. உடம்பை முன்னால் சாய்த்து, காலால் நிலத்தை உதைத்துத் தள்ளுகிறார்கள். டயருக்கும் அதுவேதான். பாதங்களை டயரிலிருந்து பின்னால் தள்ளி வையுங்கள். நெஞ்சு டயரின் விளிம்பில் அழுந்த வேண்டும். முழங்கை நேராக, பூட்டினாற்போல. அப்புறம் மேலே தூக்காமல், முன்பக்கமாக மேல்நோக்கிச் சாய்வாகத் தள்ளுங்கள். டயர் இடுப்பு உயரத்துக்கு வந்ததும் ஒரு முழங்காலை அடியில் கொடுத்து உந்தி, கையைச் சட்டென்று மாற்றி உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே நடந்துவிட வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டதா? விட்டுவிட்டுப் பின்னால் வாருங்கள். பிடித்துத் தொங்காதீர்கள், அந்த ஒரு நொடிதான் பிய்க்கிறது.

டயரின் அகலத்தையும் கேளுங்கள். அகலம் குறைந்த டயரைப் படுக்க வைத்தால் விளிம்பு தரைக்கு அருகில் இருக்கும், நெஞ்சைக் கொடுக்க முடியாமல் ஆள் டெட்லிஃப்ட் மாதிரி இழுக்க ஆரம்பிப்பான். எடையைக் கேட்கிறவர்கள் உண்டு. அகலத்தைக் கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

டெட்லிஃப்டில் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே பார்த்துப் பிடிக்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வெளியே பார்க்கிற உள்ளங்கைப் பக்கத்து முழங்கையை ஒருபோதும் மடக்காதீர்கள். அட்லஸ் ஸ்டோன் என்கிற உருண்டைக் கல்லை மடிக்கு ஏற்றும்போதும் அப்படியே. கல்லைக் கையால் சுருட்டி ஏற்றக் கூடாது, கட்டிப்பிடித்து இடுப்பால் ஏற்ற வேண்டும்.

குவாரிக் கல் போதும் என்று நினைப்பது

நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம் என்று எல்லாரும் ஒரு கிரானைட் துண்டை வைத்துப் பழகுகிறார்கள். போட்டியில் வருவது பெரும்பாலும் கான்கிரீட் உருண்டை. கிரானைட் அதைவிடக் கனம். 100 கிலோ கிரானைட் உருண்டையின் விட்டம் சுமார் 41 செ.மீ. என்றால் அதே எடைக் கான்கிரீட் உருண்டை 43 செ.மீ. வரும். இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். கையைச் சுற்றிக் கோக்கும்போது விரல் நுனி எங்கே நிற்கிறது என்பதை அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் முடிவு செய்கிறது. அதோடு குவாரித் துண்டில் பிடித்துக்கொள்ள முனைகள் இருக்கும், உருண்டையில் பிடிக்க ஒன்றுமே இருக்காது. அச்சு செய்து கான்கிரீட்டில் ஒன்று வார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சிமென்ட், ஜல்லி கலந்து வார்த்து, இருபத்தெட்டு நாள் சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றி எடுத்தோம். இன்றுவரை உடையவில்லை.

ஒரே நிகழ்வில் ஜெயிக்கப் பார்ப்பது

பெரும்பாலான போட்டிகளில் புள்ளிக் கணக்கு எளிது. பத்துப் பேர் என்றால் அந்த நிகழ்வில் முதலாவது வந்தவருக்கு 10, இரண்டாவது வந்தவருக்கு 9, இப்படியே கடைசி வரை. ஒரு நிகழ்வில் ஒரு தடவைகூடத் தூக்க முடியாமல் போனால் பூஜ்யம். டெட்லிஃப்டில் முதலாவதாக வந்து, லாக் பிரஸில் (உருளைக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்குவது) பூஜ்யம் வாங்கினால் இரண்டிலும் சேர்த்து 10. இரண்டிலும் நாலாவதாக வந்தவர் 14 வைத்திருப்பார். எங்கள் பையன்களுக்கு லாக்தான் பயம், அதனால் அதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். போட்டிக்கு மூன்று மாதம் முன்பே உங்களுடைய மோசமான நிகழ்வை வாரத்தின் முதல் நாளில் வையுங்கள்.

விதித்தாளைப் படிக்காமல் போவது

2016-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ராங்மேன் வீரர் எடி ஹால் 500 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தபோது கையைக் கம்பியோடு பிணைக்கும் ஸ்ட்ராப் கட்டியிருந்தார், ஸ்ட்ராங்மேனில் அது வழக்கம். பவர்லிஃப்டிங்கில் கிடையாது. உங்கள் போட்டியில் எப்படி, எந்த நிகழ்வில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கைக்குப் பூசும் பிசின், முழங்கை உறை, நடுவழியில் கீழே வைக்கலாமா என்பதும் அப்படியே.

எடைப் பிரிவுக்காகத் தண்ணீரை நிறுத்துவது

முதல் போட்டிக்கு இது வேண்டவே வேண்டாம். கிருஷ்ணகிரியில் ரயில் கிடையாது. தருமபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ போய் ஏறி, வட இந்தியா என்றால் ஒன்றரை நாள், சில சமயம் அதற்கு மேலும் உட்கார்ந்து போக வேண்டும். அந்த வெயிலில், அந்தப் பெட்டியில், தண்ணீர் குடிக்காமல் போனவன் மேடையில் யோக்கை (தோளில் சுமந்து நடக்கும் எடைச் சட்டம்) தோளில் வைத்ததும் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நேரில் பார்த்தேன். உங்கள் எடை எந்தப் பிரிவில் விழுகிறதோ அதிலேயே நில்லுங்கள்.

ஊசி

வேண்டாம். ஸ்டீராய்டில் தசை வளரும் வேகத்துக்கு நாண் வளராது.

சாப்பாட்டைப் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

வருடம் முழுவதும் ராகிக் களியும் கொள்ளுச் சாறும் சாப்பிட்ட வயிறு, போட்டிக்கு முந்தின நாள் புது ஊரின் எண்ணெய்ப் பூரியைத் தாங்காது. களியைக் கட்டிக்கொண்டு போக முடியாதுதான். ராகி மாவும் ஒரு மின் கெட்டிலும் பையில் இருந்தால் கூழ் காய்ச்சிக்கொள்ளலாம். அவித்த முட்டை எந்த ஊரிலும் கிடைக்கும். போட்டிக்குப் போகிற அந்த டயர் புரட்டிய தம்பிக்கு நேற்று இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். டயரின் அகலத்தைக் கேட்டுப் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டிருக்கிறான். பதில் வந்ததும் அதே அகலத்தில் ஒன்றைத் தேடி வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மனையில் போட்டுவிடுவேன். அவன் முழங்கைப் பக்கத்திலேயேதான் நிற்கப் போகிறேன்.