வாளித் தண்ணீரில் சாகும் கிரேஃபிஷ்: குளம் முதல் சட்டி வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறால் செவுளால் மூச்சுவிடும் உயிரி. ஆனாலும் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து அதில் போட்டுவைத்தால் சில மணி நேரத்தில் செத்துப்போகும். ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தாலோ ஒரு நாளைக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். செவுள் ஈரமாக இருக்கும் வரை அது காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த நன்னீர்ச் சிங்கியைப் பிடித்துச் சமைப்பதில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு வேர் இதுதான்.

அதற்கும் முன்னால் குளத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து மழையோடு வழிந்து சேரும் குளம், பாசியைக் கொல்லக் காப்பர் சல்ஃபேட் போட்ட குளம், பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி படர்ந்த குளம், இவை மூன்றிலும் பிடித்துச் சாப்பிட வேண்டாம். நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் நச்சு, கொதிக்கவைத்தாலும் அழியாது. தலைக்குள் மஞ்சளாக இருக்கும் பகுதியைக் கொழுப்பு என்று பலர் உறிஞ்சித் தின்கிறார்கள். உண்மையில் அது கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் செய்யும் சுரப்பி. காட்மியம் போன்ற உலோகங்களும் பாசி நச்சும் அங்கேதான் அதிகம் சேரும். தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வால் சதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

“என் வீட்டுக் குளம், யார் கேட்பது” என்ற நினைப்பும் வேண்டாம். உள்ளூர் இனங்களைப் பிடிக்கவே தடை இருக்கும் நாடுகள் உண்டு. வந்தேறி இனங்களை உயிரோடு இடம் மாற்றினாலே குற்றம் என்ற நாடுகளும் உண்டு. உங்கள் குளத்தில் இருப்பது எந்த இனம், அதற்கு என்ன விதி என்று தெரிந்துகொண்ட பிறகு கூண்டை வாங்குங்கள்.

கூண்டு காலியாக வருவது ஏன்

பகலில் கூண்டு போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். இவை இருட்டில் இரை தேடுபவை. பொழுது சாயும்போது போட்டு விடியற்காலையில் எடுக்க வேண்டும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் அவை பெரும்பாலும் அசையாமல் வளைக்குள் முடங்கிவிடும். அப்போது எந்த இரையும் எடுபடாது.

அழுகிய மீன்தான் நன்றாக இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செத்ததைத் தின்னும் பிராணிதான், ஆனால் அதற்கும் ருசி தெரியும். எண்ணெய்ப் பசையுள்ள மீனின் தலையோ துண்டுகளோ புதிதாக இருந்தால் போதும். ஒரு கூண்டுக்கு 100 முதல் 150 கிராம். தண்ணீர் 21 டிகிரியைத் தாண்டும் பருவத்தில் மீன் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், கடையில் விற்கும் கட்டி இரை நன்றாக வேலை செய்யும். எதுவானாலும் துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வைத்துக் கூண்டின் நடுவில் கட்டுங்கள். திறந்து வைத்தால் முதலில் நுழையும் நாலைந்து தின்று தீர்த்துவிடும், பிறகு வருவதற்கு வாசனை மிஞ்சாது.

கூண்டின் அமைப்பில் இரண்டு இடங்கள் முக்கியம். புனல் வாயின் உட்பக்கத் துளை சுமார் 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட அகலமானால் நுழைந்தவை வந்த வழியே நடந்து போய்விடும். குறுகினால் பெரியவை நுழையாது. அடுத்து, வாயின் அடிவிளிம்பு குளத்துத் தரையைத் தொட வேண்டும். கிரேஃபிஷ் தரையில் நடந்து வரும், வாலடித்து நீந்துவதெல்லாம் மிரண்டு பின்வாங்கும்போதுதான். வாய் ஒரு சாண் உயரத்தில் தொங்கினால், இரையைச் சுற்றி இரவெல்லாம் நடக்குமே தவிர உள்ளே வராது.

கூண்டை முழுக்க மூழ்கடிப்பதுதான் பெரிய தவறு. பகலில் ஆக்சிஜனை வெளிவிடும் பாசியும் செடிகளும் இரவில் அதை உள்ளிழுக்கும். அதனால் குளத்து நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருப்பது விடியும் நேரத்தில், அதாவது நீங்கள் கூண்டைத் தூக்கும் நேரத்தில். வெயில்காலத்தில் மூழ்கிய கூண்டுக்குள் நெருக்கியடித்துக் கிடப்பவை அப்போது செத்துக் கிடக்கும். கூண்டின் மேல்பக்கம் ஒரு சாணாவது தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவை ஏறிவந்து காற்றில் மூச்சுவிடும். தவறி நுழையும் ஆமையும் பிழைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு மேல் கூண்டை எடுக்காமல் விடவும் கூடாது: பெரியவை சிறியவற்றையும், அப்போதுதான் ஓடு கழற்றிய மெத்தென்றவற்றையும் தின்றுவிடும்.

வீட்டுக் குளத்துக்கு ஏழெட்டுக் கூண்டு வேண்டியதில்லை. 200 சதுர மீட்டருக்கு ஒன்று என்பது பண்ணைக் கணக்கு; சிறு குளத்துக்கு ஒன்றிரண்டே தாராளம். வாலுக்கடியில் கொத்தாக முட்டை சுமக்கும் பெண்ணை, உள்ளூர் இனமாக இருந்தால், உடனே திரும்ப விடுங்கள். வந்தேறி இனமாக இருந்தால் பல இடங்களில் திரும்ப விடுவதே விதிமீறல்.

ஒரு குளத்தில் நனைந்த கூண்டை அப்படியே இன்னொரு குளத்தில் இறக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய இனங்களைக் கொத்துக் கொத்தாக அழித்துவரும் கிரேஃபிஷ் பிளேக் என்ற நோய், ஈர வலையில் ஒட்டிய நுண்வித்துகள் வழியாகவும் பரவும். வட அமெரிக்க இனங்கள் அதைச் சுமந்தும் நோயின்றித் திரிவதால் வெளியே தெரியாது. கூண்டு, கயிறு, பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் முற்றிலும் காயவிட்டு எடுத்துப்போங்கள்.

பிடித்ததற்கும் அடுப்புக்கும் நடுவே

கொண்டுவரும் பெட்டியில் தண்ணீர் வேண்டாம். அடியில் ஈரச் சாக்கு, மேலே ஈரச் சாக்கு, நடுவே கிரேஃபிஷ். குளிர்ச்சிக்கு ஐஸைப் பாலிதீன் பையில் கட்டிப் போடுங்கள். நேரடியாகக் கொட்டினால் உருகிய நீர் அடியில் தேங்கி, கீழ்வரிசை மூச்சுத் திணறிச் சாகும். தெர்மாகோல் பெட்டியானால் அடியில் வடிகால் துளையும், மூடியில் காற்று போக இடைவெளியும் வேண்டும்.

உப்புத் தண்ணீரில் போட்டால் வயிற்றிலுள்ள சேறெல்லாம் கக்கிவிடும் என்பார்கள். பத்து நிமிட உப்பு குடலைக் காலிசெய்யாது. ஓடும் நீரிலோ ஏரேட்டர் வைத்த தொட்டியிலோ 24 முதல் 48 மணி நேரம் பட்டினி போட்டால்தான் குடல் காலியாகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டு ஊற்ற வேண்டும். இவ்வளவுக்கு வசதியில்லை என்றால் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசிவிட்டு, குடலைச் சமைத்தபின் எடுத்துக்கொள்வதே மேல்.

சட்டியில் போடுமுன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கொடுக்குக்குப் பின்னால், முதுகு ஓட்டை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குங்கள். உயிருள்ளது கொடுக்கை விரிக்கும், வாலைச் சுருட்டி அடிக்கும். கால் ஆடாமல், வால் துவண்டு தொங்கினால் தள்ளி வையுங்கள். குளிரில் விறைத்தது செத்ததுபோலவே இருக்கும் என்பதால், பத்து நிமிடம் நிழலில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அசையாததை எறிந்துவிடுங்கள். செத்த உடனே அந்த மஞ்சள் சுரப்பியின் செரிமான நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். வெந்தபின் சதை மாவாக உதிர்வது அதனால்தான். வெந்ததில் வால் நிமிர்ந்திருந்தால் செத்தது என்று சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். சட்டியில் இடநெருக்கடி இருந்தாலும் வால் சுருளாது. சதையைத் தொட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

அடுப்பில்

2 கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 30 கிராம் உப்பு. இவ்வளவு தண்ணீர் கொள்ளும் பாத்திரம் இல்லையென்றால் இரண்டு தவணையாக வேகவையுங்கள். தண்ணீர் குறைவானால் கொதி அடங்கி, மறுபடி கொதிப்பதற்குள் சதை குழைந்துவிடும். முதலில் ஐஸும் தண்ணீரும் கலந்ததில் 20 நிமிடம் வைத்து மரத்துப்போகச் செய்துவிட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரில் போடுங்கள். நேரத்தை எண்ண வேண்டியது போட்டதிலிருந்து அல்ல, மறுபடி கொதி வந்ததிலிருந்து: சிறியவற்றுக்கு 3 நிமிடம், பெரியவற்றுக்கு 5. பிறகு அடுப்பை அணைத்து, அரைக்கிலோ ஐஸைப் போட்டு, தண்ணீரில் மசாலா சேர்த்திருந்தால் அது இறங்க 15 நிமிடம் ஊறவிடலாம். ஐஸ் போடாமல் மூடிவைத்தால் சூட்டிலேயே வெந்து ரப்பராகும், ஓடும் சதையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓடு சிவந்ததும் வெந்துவிட்டது என்று எடுக்காதீர்கள். சிவப்பு, ஓட்டிலுள்ள நிறமி புரதப் பிடியிலிருந்து விடுபடுவதன் அடையாளம் மட்டுமே. சதை வேகுமுன்னே அது வந்துவிடும். வாலின் நடுச்சதை கண்ணாடிபோல் இல்லாமல் வெண்மையாக இருக்க வேண்டும், உள்சூடு 63 டிகிரியைத் தொட வேண்டும். மனிதரின் நுரையீரலைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு கிரேஃபிஷில் இருக்கலாம். எலுமிச்சையோ வினிகரோ மதுவோ அதைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. பச்சையைக் கையாண்ட கத்தி, பலகை, பெட்டி எதிலும் வெந்ததைக் கழுவாமல் வைக்காதீர்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஆகாது. சிலருக்குக் கொதிக்கும் ஆவியே போதும்.

வால்நுனி விசிறியில் ஐந்து மடல் இருக்கும். நடுமடலை மட்டும் பிடித்து இடமும் வலமும் திருகி மெதுவாக இழுத்தால் கருத்த குடல் முழு நூலாக வந்துவிடும். அறுந்தால் இறாலுக்குச் செய்வதுபோல் முதுகைக் கீறி எடுங்கள். மசாலாவில் வதக்குவதாக இருந்தால் ஒரு நிமிடம் மட்டும் கொதிநீரில் போட்டு உரித்து, மசாலா தயாரானபின் கடைசி 3, 4 நிமிடத்தில் சேர்த்து நன்றாக வேகவிடுங்கள். முழுதாக வெந்த வாலை இன்னும் கால்மணி நேரம் கொதிக்கவிட்டால் மெல்லவே முடியாது.

வால் சதை மொத்த எடையில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். 2 கிலோவுக்கு 300 கிராம். விருந்தாளிகளை அழைக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் உரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓட்டையும் கொடுக்கையும் 20 நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் நல்ல சாறு கிடைக்கும். கழித்துவைத்த செத்தவற்றைக் குளத்தில் எறியாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.