படிவம் சி எழுத உட்காரும் முன்

எங்கள் ஊர் கோத்தகிரிக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. எல்லாம் இருளர் வீடுகள். வன உரிமைக் குழுவுக்கு நான் செயலாளர். பன்னிரண்டாவது படித்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். காட்டு உரிமைக்கு எப்படி மனு போடுவது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், பட்டாவைத் தேடி அலையாதீர்கள். 1882-ல் வெள்ளைக்காரன் சென்னை வனச் சட்டம் போட்டான். காட்டை ரிசர்வ், அதாவது அரசின் காப்புக்காடு, ஆக்கும்போது, உரிமைகளை விசாரிக்கும் செட்டில்மெண்ட் அதிகாரியிடம் கெடுவுக்குள் மனு போடாதவரின் உரிமை அழிந்தது. எழுத்தே தெரியாத நம் ஆட்கள் எங்கே மனு போடுவது? நாடு சுதந்திரம் வாங்கியும் அந்தக் கோடு அழியவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே இதை வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொள்கிறது.

இந்தச் சட்டத்தில் மனு போட மூன்று படிவம். தனி ஆள் நிலத்துக்குப் படிவம் ஏ, அதுவும் 4 ஹெக்டேர் வரைதான். மேய்ச்சல், தேன், சீமாற்றுப் புல் போன்ற ஊர்ப் பொது உரிமைகளுக்கு பி. காட்டையே ஊர் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு சி. பலரும் ஏ-யோடு நின்றுவிடுகிறார்கள். சி-யை விடாதீர்கள்.

அதற்கு எல்லை வேண்டும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடங்கள், வனத்துறை வாட்ச்மேனை நம்பி அல்ல. ஒருவர் போனில் ஜிபிஎஸ் பதியட்டும், இன்னொருவர் நோட்டில் எழுதட்டும். எங்கள் பாட்டி ஓடை மேட்டில் ஒரு பலா மரத்தடியில் நின்று, “இங்கேதான் உன் தாத்தாவோட அம்மாவை வச்சோம்” என்றாள். புல்லை விலக்கினால் வரிசையாகக் கற்கள். பாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னாள், நான் எழுதினேன். அது சும்மா கதையல்ல. புதைகாடும் கோயிலும் வன உரிமைச் சட்ட விதிகளின்படி ஆதாரம். பெரியவர் சொன்னதை எழுத்தில் வாங்கினால் அதுவும் ஆதாரம். இரண்டு ஆதாரம் போதும். கூடவே வெள்ளைக்காரர் காலத்துப் பதிவும் இருந்தால் தெம்பு. 1908-ல் வந்த பிரான்சிஸின் நீலகிரி கெசட்டியரில் (மாவட்ட விவர நூல்) இருளர் பற்றிய பக்கங்களை நகல் எடுத்து இணைத்தோம்.

தாத்தா தேன் எடுத்ததற்குக் கட்டிய அபராத ரசீதை நான் முதலில் ஒளித்து வைத்தேன், குற்றவாளி என்று ஆகிவிடுமே என்று. அப்புறம்தான் உறைத்தது: அந்த ஆண்டில் அவர் அந்தக் காட்டில் இருந்தார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த தாள் அது! அபராத ரசீதை மட்டும் வைத்துக் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று அந்த விதிகளின் 2012 திருத்தம் சொல்கிறது.

சரி, மனுவை முடிவு செய்யும் கிராம சபை. பாதிப்பேராவது வர வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். களச் சரிபார்ப்புக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள். வந்தால் கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் மனுவை ஒரு அலுவலகத்தில் “சாட்டிலைட் படம் இல்லை” என்று திருப்பிவிட்டார்கள். எந்த ஒரு ஆதாரத்தையும் கட்டாயமாகக் கேட்க விதி இல்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிராம சபை முடிவு பிடிக்காவிட்டால் கோட்ட அளவுக் குழுவிடம் முறையிடலாம், அதுவும் தள்ளினால் மாவட்டக் குழுவிடம். இரண்டுக்கும் 60 நாள் கெடு. பரிசீலனை முடியும்வரை யாரையும் வெளியேற்ற முடியாது.

எதைக் கொடுத்தாலும் பெற்றுக்கொண்ட சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். எங்களுடையது ராகி டின்னுக்குள் இருக்கிறது, எலி தொடாது.